கியர் பொக்ஸ் எங்கிருந்து வந்தது?

ஒக்லாந்துக்கு வந்து சேர்ந்த எங்கட ஆக்கள் கனபேரிடம் ஒரு கியர் பொக்ஸ் கதை இருக்கும். இரவு வேலைக்குப் போகிறவனுக்கு இங்கே கார் இல்லாமல் சரிவராது. விடியப்புறம் நாலு மணிக்கு பஸ்ஸை நம்பி வேலைக்குக் கிளம்ப ஏலாது. ஆனபடியால் முதல் சம்பளங்களைச் சேர்த்து முதல் வாங்குவது ஒரு பழைய யப்பான் கார். இரண்டு மூன்று வருசம் நல்லாய் ஓடும். பிறகு ஒருநாள் சிக்னலில் நின்று வெளிக்கிட, எஞ்சின் இரையும், கார் மட்டும் யோசித்து யோசித்து நகரும். என்னுடையது தெற்கு மோட்டர்வேயில் அப்படிச் செய்தது. கராஜ்காரர் எண்ணெய்க் கம்பியை இழுத்து மணந்து பார்த்தார். சிவப்பாய் இருக்கவேண்டிய எண்ணெய் தேத்தண்ணிச் சாயம் போல இருந்தது, கருகின மணம் வேறு. புதிசு போட்டால் காரின் விலையைவிடக் கூட வரும், யார்டில் பழசு ஒன்று பாரும் என்றார்.

கார் உடைக்கிற யார்டுகள் ஒட்டாஹுஹு, அவொண்டேல், டக்கானினிப் பக்கமெல்லாம் இருக்கின்றன. நான் போன யார்டில் இருந்த வயதானவர் ஒருகாலத்தில் வீரியில் இருந்த கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கே பூட்டினதை இங்கே கழட்டுகிறேன் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு வசனத்துக்குள் நியூசிலாந்தின் அறுபது வருசப் பொருளாதாரம் இருக்கிறது. அதைத்தான் எழுதலாம் என்று நினைத்தேன்.

1938 இன் கடைசியில் அன்னியச் செலாவணி வற்றிப்போக, இங்கிருந்த தொழிற்கட்சி அரசு இறக்குமதிக்கு லைசென்ஸ் முறையைக் கொண்டு வந்தது. அதன் பிறகு நீண்டகாலம் முழுக் காரை நினைத்தபடி இறக்க முடியாது. பெட்டி பெட்டியாய் உதிரியாக வந்த கார்களை பெட்டோனி, சீவியூ, பிறகு பொரிருவா, தேம்ஸ், நெல்சன், வீரி என்று பல ஊர்களில் பூட்டினார்கள். புதுக் கார் வாங்க வெளிநாட்டில் காசு வைத்திருந்தவனுக்கு முன்னுரிமை, மற்றவன் வரிசையில் நிற்க வேண்டும். மொரிஸ் மைனரை முப்பது வருசம் ஓட்டினார்கள் என்றால் அது காதல் மட்டுமில்லை, வேறு வழியும் இல்லை. ஒட்டாஹுஹுவில் 1966 முதல் 1973 வரை ட்ரெக்கா என்று ஒரு உள்ளூர் வண்டியும் செய்தார்கள். உள்ளே இருந்தது செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்கோடா எஞ்சின்! 1979 இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, வாரத்தில் ஒருநாள் கார் எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டுக் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டவைத்த நாடு இது. 1980 மே மாதத்தோடு அதைக் கைவிட்டார்கள்.

எங்கட ஊரில் 1970 முதல் 77 வரை சிறிமாவோ காலத்தை அனுபவித்தவர்களுக்கு இதெல்லாம் பழகின கதையாய் இருக்கும். அங்கே 1977 இல் ஜே.ஆர். கதவைத் திறந்தார், இங்கே 1984 இல் வந்த லாங்கே அரசு திறந்தது. 1980களின் பிற்பகுதியில் பாவித்த யப்பான் கார்கள் கப்பல் கப்பலாய் வந்து இறங்கின. யப்பானிலும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலதுபக்கம். அங்கே புதுக் காருக்கு மூன்று வருசத்திலும், பிறகு இரண்டு வருசத்துக்கு ஒருமுறையும் 'ஷாக்கென்' என்ற செலவு கூடின சோதனை. அந்தச் செலவை நினைத்தே சனம் நல்ல காரைத் தள்ளிவிடும். நாங்கள் 'ரீகண்டிஷன்' என்று கொழும்பில் பெருமையாய் வாங்கினதும் அதே கப்பல் கார்தான்.

1998 மே மாத பட்ஜெட்டில் கார் இறக்குமதித் தீர்வையை அடியோடு எடுத்தார்கள். அந்த வருசமே மிஞ்சியிருந்த தொழிற்சாலைகளை மூடினார்கள்: பொரிருவாவில் மிட்சுபிஷி, தேம்ஸில் டொயோட்டா, நெல்சனில் ஹொண்டா, வீரியில் நிசான். தேம்ஸில் டொயோட்டா பூட்டின இடத்தில் பிறகு யப்பானில் இருந்து வந்த பழைய டொயோட்டாக்களைத் திருத்தி மினுக்கினார்கள். ஏழைக்கும் அகதிக்கும் கார் கிடைத்தது இந்த மாற்றத்தால்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கிழவருக்கு வேலை போனதும் இதே மாற்றத்தால்தான். இரண்டையும் ஒன்றாய் வைத்துத்தான் பார்க்கவேணும்.

யப்பான் கார் நிறைய வந்தால் உடைபடுகிற யப்பான் காரும் நிறைய. அதோடு காரின் முன்பாதியை மட்டும் வெட்டி, எஞ்சினும் கியர் பொக்ஸும் சேர்த்து இறக்குகிற 'ஹாஃப் கட்' வியாபாரமும் உண்டு. சென்னையில் புதுப்பேட்டை, கொழும்பில் பஞ்சிகாவத்தை பார்த்தவர்களுக்கு விளங்கும்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பஞ்சிகாவத்தையும் இல்லாமல் போன காலம் ஒன்று இருந்தது. 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கினதும் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. அப்போதுதான் கொட்டிலுக்குள் கோழி அடைகாத்துக் கிடந்த ஒஸ்ரின் ஏ40களும் மொரிஸ் மைனர்களும் திரும்ப றோட்டுக்கு ஏறின. அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு, மண்ணெண்ணெய்யைச் சகித்துக்கொள்ளும். சின்னப் போத்தலில் பொத்தி வைத்த துளிப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஊரே புகை மணக்கும். ஒரு காரை உயிரோடு வைத்திருக்க மூன்று காரை உரித்தார்கள். அந்த மெக்கானிக்மாருக்கு ஒரு கியர் பொக்ஸைத் திறந்து, பல்லுத் தேய்ந்த சக்கரத்தை மட்டும் மாற்றி மூடத் தெரியும். இங்கே அப்படியில்லை. ஓட்டோ கியர் பொக்ஸை ஆரும் லேசில் திறக்கமாட்டார்கள், முழுசாய்த்தான் மாற்றுவார்கள். திறக்கிற கூலி பொருளின் விலையைத் தாண்டிவிடும்.

முழுசாய் மாற்றுவதானால் சரியானதை எடுக்கவேணும். யப்பான் டொயோட்டாவில் எஞ்சின் அறையில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் ட்ரான்ஸ்/அக்ஸில் என்ற வரியைப் பாருங்கள். 2000 இற்குப் பிறகு வந்த சில கொரொல்லாக்களில் 1.5 லீற்றர் எஞ்சினுக்கு வருவது யு340ஈ, 1.8க்கு யு341ஈ. ஓர் இலக்கம்தான் வித்தியாசம், வெளியில் அண்ணன் தம்பி போல இருக்கும். 'எல்லாம் ஒன்றுதான் பிரதர்' என்று சொல்கிறவரிடம் வாங்கவேண்டாம். கழட்ட முதல் அதே காரில் ஓட்டிக் காட்டுவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் எண்ணெய்யையாவது மணந்து பாருங்கள். பூட்டும்போது டோர்க் கொன்வேட்டர் கடைசிவரை உள்ளே போய் இருக்கவேணும். இருக்காமல் போல்ட்டை இறுக்கினால் உள்ளே இருக்கிற பம்ப் உடையும், பிறகு யார்டையும் கராஜையும் மாறி மாறிக் குற்றம் சொல்லிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். பழைய எண்ணெய்க் குளிராக்கியைக் கழுவாமல் விட்டால் முதல் பொக்ஸின் தூள் இரண்டாவதையும் தின்னும்.

இனிச் சட்டம். எங்கட ஆக்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான். 'பொருளுக்கு மட்டும் கரண்டி, பூட்டின கூலிக்கு இல்லை' என்று ரசீதில் அடித்துக் கொடுப்பார்கள். நாங்களும் அச்சில் இருப்பதெல்லாம் சட்டம் என்று நினைத்து மடித்துப் பொக்கற்றுக்குள் வைப்போம். 1993 ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் வியாபாரி விற்கிற பழைய பொருளுக்கும் செல்லும். வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரம் இருக்கவேணும். அது இல்லாமல் போனதால் வந்த நியாயமான நட்டத்தையும், பூட்டின கூலி உட்பட, கேட்கலாம். சொந்தப் பாவனைக்கு வாங்குகிறவரிடம் 'இந்தச் சட்டம் இங்கே செல்லாது' என்று எழுதி வாங்கினாலும் அந்த எழுத்துக்குப் பெறுமதியில்லை. சரிவராவிட்டால் டிஸ்பியூட்ஸ் ட்ரிபியூனல் இருக்கிறது, அங்கே வக்கீல் தேவையில்லை, மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஆனால் வியாபாரி இல்லாத தனி ஆளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் துணைக்கு வராது.

டாக்சி ஓட்டுகிற நண்பர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்கவேணும். தொழிலுக்கு வாங்குகிறவரோடு, இந்தச் சட்டம் எங்களுக்கிடையில் இல்லை என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வியாபாரிக்கு இடம் இருக்கிறது, அது நியாயமானதாய் இருந்தால் செல்லும். ஆகவே கையெழுத்து வைக்க முதல் அந்தத் தாளை வாசியுங்கள், வாசிக்க ஏலாவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

என்னுடைய பொக்ஸை அந்தக் கிழவரே கழட்டித் தந்தார். குறடும் சாவியும் தேடாமல், கை தன்பாட்டுக்கு ஒவ்வொரு போல்ட்டுக்கும் போனது. பக்கத்தில் இன்னொரு கொரொல்லா, கதவில் இன்னும் யப்பான் எழுத்து ஸ்டிக்கரோடு, எஞ்சின் இல்லாமல் நின்றது.