பெயிண்ட் கோலமும் கோலத்தின் இலக்கணமும்

திருவனந்தபுரத்தின் கோட்டைக்ககம், வலியசாலை, கரமனை ஆகிய பகுதிகளில் உள்ள அக்கிரகாரங்கள், திருவிதாங்கூர் அரசின் ஆதரவில் குடியேறிய தமிழ்ப் பிராமணர்களால் உருவானவை. அவர்கள் பேச்சில் மலையாளம் கலந்து நெடுங்காலமாயிற்று. வாசற்கோலம் மட்டும் தமிழ் மரபைக் கைவிடவில்லை. விசேஷ நாள்களில் இழைக்கோலம்: ஊறிய பச்சரிசியை நீர்க்க அரைத்து, அதில் நனைத்த துணியைக் கைக்குள் அடக்கிப் பிழிந்தால், மாவு மோதிர விரல் வழியே இழையாக இறங்கும். ஓரங்களில் காவி. (மலையாளத்திலும் 'கோலம்' உண்டு, ஆனால் படையணியில் அது கமுகம்பாளையில் வரைந்து, தலையில் ஏந்தி ஆடும் உருவத்தைக் குறிக்கும்.)

சிமெண்டுத் தரையும் அடுக்குமாடி வீடும் வந்தபின், தமிழகத்து நகரங்களைப் போலவே இங்கும் மாவின் இடத்தைப் பெயிண்டும் ஸ்டிக்கரும் பிடித்தன.

பெண்களின் கைப்பழக்கத்தில் வாழ்ந்த வடிவம் பெயிண்டுக்கு மாறுவது இங்கு மட்டும் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவின் ஒகையோ மாநிலம், ஆடம்ஸ் கவுண்டியில் டோனா சூ குரோவ்ஸ் என்பவர், துணித்துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கும் தம் தாயாரைச் சிறப்பிக்க விரும்பி, அப்போர்வையின் ஒரு கட்டத்தைப் பண்ணைக் கொட்டகைச் சுவரில் வண்ணமாகத் தீட்ட எண்ணினார். 2001 அக்டோபரில் முதல் ஓவியம் லூயிஸ் மவுண்டன் மூலிகைப் பண்ணையின் கொட்டகையில் ஏறியது. 'ஒகையோ நட்சத்திரம்' என்பது அதன் பெயர்: மும்மூன்றாக ஒன்பது கட்டங்கள், மூலைகளும் நடுவும் வெறுமை, எஞ்சிய நான்கும் முக்கோணங்களாகப் பிளந்தவை. வழக்கம் விரைவில் டென்னசி, கென்டக்கி, அயோவா மாநிலங்களுக்கும் பரவியது.

இரண்டும் ஒன்றெனத் தோன்றலாம், அன்று. கொட்டகையில் ஏறிய கட்டம் போர்வைத் தையலுக்கு மாற்றாக வரவில்லை, அதன் பெருமையைச் சொல்ல வந்தது. வாசல் பெயிண்டோ நாள்தோறும் வரையும் வேலையையே நீக்கிவிடுகிறது.

அவ்வேலையில் இருந்தது என்ன என்பதைக் கணினியியல் ஓரளவு விளக்கியிருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் இணைந்து 1974இல் வெளியிட்ட ஆய்வு, கோலங்களை அணி இலக்கணங்களால் விவரித்தது. சொற்களைத் தொடுக்கும் விதிகளுக்குப் பதிலாக, கட்ட வரிசைகளில் குறிகளை வளர்க்கும் விதிகள். சிறு கோலம் ஒன்றிலிருந்து அதன் பெரிய வடிவங்களை எல்லையின்றிப் பெறலாம். கண்ணனின் காற்சலங்கை என்னும் கோலம் அவ்வாறு வளரும் ஒரு குடும்பம்.

மொழியியல் நோக்கில், பெயிண்ட் கோலம் ஒரு வாக்கியத்தைப் பாதுகாக்கிறது, இலக்கணத்தை அன்று. பெயிண்ட் வாசல்களில் பெரும்பாலும் புள்ளிகள் இருப்பதில்லை. முடிந்த வடிவத்துக்கு அவை தேவையுமில்லை. ஐந்து புள்ளிக் கோலத்தை ஏழு புள்ளிக்கு விரிப்பவருக்கே அவை தேவை.