ஒரு லட்சம் தோலும் ஒரு சென்னைக்காரரும்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மக்களுக்கு ரகம் பிரிக்கிறதைப் பத்தி நான் விளக்க வேண்டியதில்லை. ரகம் ஒரு படி இறங்கினா விலையும் இறங்கும். பிரிச்சவர் மனுஷனா இருந்தா "ஏன்?"னு கேக்கலாம். உண்ணிக்கடி, கீறல், சூட்டுக்குறின்னு விரல் வச்சுக் காட்டுவார். இப்போ கேமராவும் கம்ப்யூட்டரும் பிரிக்கிற முறைகள் வந்தாச்சு. அதுகிட்ட யாருங்க கேக்கிறது? இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு கணக்கு வரலாறு இருக்கு.

ஒரு லட்சம் தோல், ஒவ்வொண்ணுக்கும் 500 அளவுன்னு ஒரு அட்டவணையை வச்சுக்குவோம். இந்த மாதிரி அட்டவணையைச் சுருக்க 1901-ல் கார்ல் பியர்சன் ஒரு வழி சொன்னார். 1933-ல் ஹெரால்ட் ஹோட்டலிங் அதை வளர்த்தார். எல்லா அளவையும் கலந்து நாலஞ்சு புது அளவு செய்யறதுதான் அது. சுருக்கம் அருமையா வரும். ஆனா "தடிமனில் பாதி, அதில் கீறலில் கால்வாசி கழி"ன்னு வந்தா எந்த மேஸ்திரிக்குப் புரியும்? :-) அட்டவணை ராட்சச சைஸில் இருந்தா கணக்கு முடியவும் நேரமாகும்.

1998-ல் ஆலன் ஃப்ரீஸ், ரவி கண்ணன், சந்தோஷ் வேம்பலா மூணு பேரும் வேற வழி காட்டினாங்க. கண்ணன் 1953-ல் சென்னையில் பிறந்தவர், ஐஐடி பம்பாயில் படிச்சவர். அட்டவணையில் சில வரிசைகளை (பள்ளிக்கூடப் பாஷையில் நிரை) குலுக்கி எடுத்தாலே நல்ல சுருக்கம் கிடைக்கும்னு நிரூபிச்சாங்க. ஒரே நிபந்தனை: வரிசையில் இருக்கிற எண்களோட வர்க்கங்களைக் கூட்டணும். கூட்டுத்தொகை பெருசானா அந்த வரிசைக்கு வாய்ப்பும் அதிகம்.

2006-ல் பெட்ரோஸ் டிரினியாஸ், கண்ணன், மைக்கேல் மகோனி இதை நிரல்களுக்கும் சேர்த்துக் கொண்டுபோனாங்க. சுருக்கத்தில் இருக்கிறது நிஜ நிரை, நிஜ நிரல். அதாவது நிஜத் தோல், நிஜ அளவு. துல்லியம் பழைய முறையைவிடக் கொஞ்சம் குறையும். ஆனா என்ன கிடைச்சதுன்னு புரியும். 2009-ல் மகோனியும் டிரினியாஸும் இந்தப் புரிதலைத்தான் முக்கியக் காரணமா முன்வச்சாங்க.

2018-ல் இன்னொரு திருப்பம். குவாண்டம் கணினிக்குத்தான் முடியும்னு நினைச்ச ஒரு பரிந்துரைக் கணக்கை, இதே குலுக்கல் யோசனையை வச்சு சாதாரணக் கணினிக்கும் கொண்டுவந்தார் இவின் டாங். அப்போ அவருக்கு வயசு பதினெட்டுதான்!

நிஜத் தோலைக் காட்டினதால மட்டும் தீர்ப்பு சரின்னு ஆயிடாது. ஆனா தோல் கண்ணு முன்னாடி இருந்தா, "இந்தக் கீறல் காய வைக்கும்போது விழுந்தது, என் தப்பில்லை"ன்னு தொழிலாளி வாதாடலாம். கலப்பு எண்ணோட எப்படிங்க வாதாடறது?