பெயர் வைத்தவருக்கே பெயர் இல்லை

'ட்ரீம்கேர்ள்ஸ்' (2006) இசைப்படத்தில், குழுவிலிருந்து விரட்டப்பட்ட எஃபி கடைசியில் மேடைக்குத் திரும்புவாள். நமக்கும் நிம்மதி. ஆனால் நிஜக்கதை அப்படி முடியவில்லை நண்பர்களே.

இந்தக் கதைக்குத் தூண்டுதல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துப் பெண்கள் குழுவான 'சுப்ரீம்ஸ்'. 1961ல் மோட்டவுன் கம்பெனியில் சேர்ந்தபோது அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவர் ஃப்ளாரன்ஸ் பல்லார்ட். 1964-65ல் தொடர்ந்து ஐந்து பாடல்கள் முதலிடம். 1967ல் அவரை நீக்கினார்கள். விலகல் ஒப்பந்தப்படி, தான் சுப்ரீம்ஸில் பாடியவர் என்று விளம்பரம் செய்யக்கூட அவருக்கு உரிமை இல்லை!

கூட்டாளி விலகினால் குட்வில்லில், அதாவது நற்பெயரில், அவர் பங்கைத் தரவேண்டும் என்று வகுப்பில் படிக்கிறோம். ஃப்ளாரன்ஸ் கூட்டாளி இல்லையே, ஒப்பந்தப் பாடகிதானே! 1976ல், 32 வயதில் இறந்துபோனார்.

எஃபியாக நடித்த ஜெனிஃபர் ஹட்சன், 2007ல் தனது கோல்டன் குளோப் விருதை அவருக்குச் சமர்ப்பித்தார். அந்த மேடையிலாவது அவர் பெயர் ஒலித்தது.