ஒலிம்பஸ் மான்ஸ்

செவ்வாய்க் கோளின் தார்சிஸ் மேட்டுநிலத்துக்கு வடமேற்கே அமைந்த கேடய எரிமலை. சூரியக் குடும்பத்தில் இதுவரை அறியப்பட்ட எரிமலைகளில் இதுவே மிகப் பெரியது. சுற்றுச் சமவெளியிலிருந்து உயரம் ஏறத்தாழ 25 கி.மீ.; குறுக்களவு சுமார் 600 கி.மீ. எவரெஸ்டைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று எழுதுவது வழக்கம். அதைப் படிப்பவர் செங்குத்தான சிகரத்தைக் கற்பனை செய்துகொள்வதுதான் சிக்கல். சரிவு சராசரியாக 5 பாகை அளவே. உச்சியில் நிற்பவருக்கு அடிவாரம் தொடுவானத்துக்குக் கீழே மறைந்திருக்கும்.

இத்தாலிய வானியலர் ஜியோவன்னி ஸ்கியாபரெல்லி 1879-இல் இவ்விடத்தில் ஒரு வெண்திட்டைக் கண்டு 'நிக்ஸ் ஒலிம்பிகா' என்று பெயரிட்டார். மலைமேல் திரளும் மேகங்களே அப்படி வெளுத்துத் தெரிபவை. அது மலை என்று உறுதியாகத் தெரிய 92 ஆண்டுகள் ஆயின. 1971 நவம்பரில் மரினர் 9 விண்கலம் செவ்வாயை அடைந்தபோது கோள் முழுவதையும் புழுதிப்புயல் மூடியிருந்தது. தார்சிஸ் பகுதியில் நான்கு கரும்புள்ளிகள் மட்டும் புழுதிக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தன. புழுதி அடங்கியதும் அவை எரிமலை உச்சிகள் எனத் தெளிவாயிற்று; அவற்றுள் ஒன்று இந்த மலை. இன்றைய பெயர் 1973-இல் வந்தது.

இவ்வளவு பெரிதாக வளரக் காரணம் எரிமலையின் சீற்றம் அல்ல, தரை நகராமல் இருந்ததே. ஹவாயில் பாறைக்குழம்பு மேலெழும் இடத்தின் மீது பசிபிக் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. ஒரு மலை வளர்ந்து முடிவதற்குள் ஊற்றை விட்டு விலகிவிட, பக்கத்தில் அடுத்தது முளைக்கிறது. தீவுகள் வரிசையாக அமைந்தது அப்படித்தான். செவ்வாயில் நகரும் தட்டுகள் இல்லை. இளகிய பசால்ட் குழம்பு ஒரே இடத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வழிந்து, தோசைமேல் தோசையாக அடுக்கிக்கொண்டே போனது. புவியீர்ப்பில் 38 விழுக்காடே உள்ள செவ்வாயின் ஈர்ப்பும், அந்தப் பாரத்தைத் தாங்கும் தடித்த மேலோடும் துணைநின்றன.

உச்சியில் ஒன்றையொன்று வெட்டும் ஆறு குழிகள் உள்ளன. மொத்தப் பரப்பு சுமார் 80 கி.மீ. நீளமும் 60 கி.மீ. அகலமும் கொண்டது. அடியிலிருந்த குழம்பறை வடியும்போதெல்லாம் கூரை அமிழ்ந்திருக்கிறது. மிகப் பெரிய குழியின் தரையே இதற்குச் சாட்சி: நடுப்பகுதி இறுகிச் சுருக்கங்கள் விழுந்திருக்கின்றன, ஓரங்களோ இழுபட்டு விரிசல் கண்டுள்ளன. மலையடியைச் சுற்றிச் சில இடங்களில் 8 கி.மீ. வரை உயர்ந்த செங்குத்துச் சரிவு நிற்கிறது. மலையின் விளிம்பு பெருஞ்சரிவுகளாக இடிந்து விழுந்ததால் அது உண்டானது என்பது பெரும்பாலோர் கருத்து. பிற்காலக் குழம்பு அதன்மேல் வழிந்திறங்கிய தடங்களும் உண்டு.

விண்கற்கள் மோதிய பள்ளங்களை எண்ணி, மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம் எடுத்த படங்களைக் கொண்டு 2004-இல் வெளியான ஆய்வு, மேற்குச் சரிவின் சில குழம்போட்டங்களுக்கு 20 லட்சம் ஆண்டு வயதே என மதிப்பிட்டது. நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகளாக வளர்ந்த மலைக்கு இது நேற்று நடந்தது போலத்தான். ஆகவே இதை அணைந்துபோன எரிமலை என்று புவியியலர் துணிந்து சொல்வதில்லை.