ரிப்பீட்டர் துவக்கின் கதை: எந்த இடத்தில் சிக்கனம் பிடிக்கலாம்?

வயல் காவலுக்குத் துவக்கு வைத்திருந்த நம்மூர்ப் பெரியவர்களிடம் கதை கேட்டால் 'ரிப்பீட்டர்' என்ற சொல் காதில் விழும். அந்த இனத்தில் ஒன்றுதான் பம்ப் அக்ஷன் துவக்கு. முன்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் வெடித்த கோது வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். இதன் சரித்திரம் அமெரிக்காவுக்குரியது. ஆனால் அதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

வேட்டைக்காரர்கள் இதை நம்பியதற்குக் காரணம் எளிமையானது. இது கையின் பலத்தால் இயங்குகிறது. தோட்டாவின் விசை கூடினாலும் குறைந்தாலும் இதற்குப் பெரிய கவலையில்லை. முன்பிடியை முழுதாக இழுக்காமல் பாதியில் தள்ளிவிட்டால் சிக்கும். அது இயக்குபவரின் பிழை, துவக்கின் பிழையல்ல.

ஜோன் பிரவுனிங் வடிவமைத்து வின்செஸ்டர் கம்பனி வெளியிட்ட 1897 மொடல்தான் இவற்றில் முதலில் பெரும் புகழ் பெற்றது. முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் அதைப் பதுங்குகுழிகளுக்குள் கொண்டுபோனார்கள். 1918 செப்டம்பரில் ஜேர்மனி இதை எதிர்த்து இராஜதந்திர வழியில் முறையிட்டது என்றால் அதன் வலிமையை ஊகிக்கலாம். 1912இல் வந்த மொடல் 12ஐ 'பேர்ஃபெக்ட் ரிப்பீட்டர்' என்று வின்செஸ்டர் விளம்பரப்படுத்தியது. உருக்கைக் கடைந்து கடைந்து செய்த துவக்கு அது. அந்த வேலைக்கான செலவு தாங்காமல் 1960களில் அதன் வழமையான உற்பத்தியை நிறுத்தினார்கள்.

அதற்கு முன்பே, 1950இல், றெமிங்டன் கம்பனி மொடல் 870ஐக் கொண்டுவந்தது. அவர்களுடைய முந்தைய மொடல் 31 நல்ல துவக்குத்தான், ஆனால் விலை அதிகம். ஆகவே பொறியியலாளர்கள் யோசித்துச் சிக்கனம் செய்தார்கள். சில சிறு பாகங்களைத் தகட்டில் அச்சடித்தார்கள். விசையைத் தாங்கும் உடல் பகுதியை மட்டும் முழு உருக்கிலேயே கடைந்தார்கள். முன்பிடியை இழுக்கும்போது கோணாமலிருக்க இரண்டு சட்டங்கள் வைத்தார்கள். விலை குறைந்தது, உறுதி குறையவில்லை. 2009இல் ஒரு கோடியாவது 870 தயாரானது.

ஆரம்ப 870களிலும் ஒரு குறை இருந்தது. சில வேளை ஒரு தோட்டா நழுவி உள்ளே சிக்கி, துவக்கு இறுகிவிடும். கம்பனி பிற்காலத்தில் அந்தப் பாகத்தையே மாற்றியமைத்தது.

1987இல் 'எக்ஸ்பிரஸ்' என்ற மலிவுப் பதிப்பு வந்தது. இம்முறை சிக்கனம் மெருகு வேலையில் நடந்தது. பின்னைய வருடங்களில் வாங்கியவர்கள் பலர் ஒரே முறைப்பாட்டைச் சொன்னார்கள்: ஈரம் பட்டால் சீக்கிரம் துருப்பிடிக்கிறது, தோட்டா அமரும் அறையின் உட்புறம் சொரசொரப்பாக இருப்பதால், மலிவான தோட்டாக்களின் வெடித்த கோது ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. வீட்டிலேயே உருக்குக் கம்பளியால் அந்த அறையைத் தேய்த்து மெருகேற்றிய பலருக்குப் பிரச்சினை தீர்ந்தது. அதாவது, தொழிற்சாலை மிச்சப்படுத்திய வேலையைத்தான் காசு கொடுத்து வாங்கியவர் செய்தார். அனுபவசாலிகள் பழைய 870களைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள்.

றெமிங்டன் 2018இலும் 2020இலும் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. அதற்குக் கடன் சுமை பெரும் காரணம். துவக்கின் தரத்தை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமில்லை. ஆனால் 1816 முதல் கட்டியெழுப்பிய ஒரு பெயர் மீது வாடிக்கையாளர் வைத்த நம்பிக்கை அதற்கு முன்பே தேய ஆரம்பித்திருந்தது.

1950இலும் சிக்கனம் செய்தார்கள், பிறகும் செய்தார்கள். முதலாவது, பாவிப்பவருக்கு நட்டம் வராத இடத்தில். இரண்டாவது, வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வீடு கட்டுபவரும், கடை நடத்துபவரும், பாடம் நடத்தும் நாமும் இந்த வித்தியாசத்தை யோசிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் வாப்பா காலத்திலிருந்து இன்றும் பழுதில்லாமல் ஓடும் பொருள் எது? கீழே எழுதுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.