பங்காளி வழியும் மரபணுச் சோதனையும்



ஆட்டையாம்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த சேலம், நாமக்கல் சீமையிலும் வாழும் நம்மவர், இன்னார் பங்காளி, இன்னார் மாமன் மைத்துனர் என்னும் பகுப்பை நெடுங்காலமாகப் பேணி வருகின்றனர். ஒரு குலதெய்வத்தை வணங்கும் பங்காளிகள் உடன்பிறந்தார் முறையினராதலின், அவர்களுக்குள் கொண்டு கொடுத்தல் இல்லை. இம்முறைமை பெரியோர் வாய்மொழியாலும், திருவிழாவிற் செலுத்தும் தலைக்கட்டு வரியாலுமே பெரும்பாலும் காக்கப்பட்டு வந்தது. இக்காலத்தோ பெரியோர் ஒவ்வொருவராய் மறைய, இளைஞர் தொலைதேயம் சென்று வாழ்கின்றனர். உமிழ்நீரைச் சோதித்துத் தந்தை வழியை அறியலாமெனக் கேள்வியுற்று, அதனாலேயே பங்காளிக் கணக்கைத் தீர்த்துவிடலாகாதோ என நம்மவருட் சிலர் வினவுகின்றனர். அவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

மனித உடலின் உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள. அவற்றுள் ஒய் எனப்படுவது ஆண்மக்களுக்கே உரியது. ஏனையவை தாய் தந்தை இருவர் பங்கும் கலந்து வர, இஃதொன்றே பெரும்பகுதி கலப்பின்றித் தந்தையிடமிருந்து மகனுக்கும், அம்மகனிடமிருந்து பேரனுக்கும் செல்கின்றது. நெடுங்காலத்திற்கொருமுறை அதன்கண் நேரும் சிறு மாறுதல், பின்வரும் ஆண்வழி முழுதும் அடையாளமாக நிலைத்துவிடும். ஒரே அடையாளங்கள் பல உடைய இருவர் ஒரு தந்தை வழியிற் பிரிந்தவர் என்பது இதனாற் பெறப்படும். எனவே நம் பங்காளி முறை செல்லும் தடத்திலேயே இவ்வணுவும் செல்கின்றது என்பது வியக்கத்தக்கதே.

நம் தமிழகமும் இவ்வாராய்ச்சியிற் பின்னிற்கவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் அவர்கள், அமெரிக்க அறிஞர் ஸ்பென்சர் வெல்ஸ் என்பாருடன் ஆராய்ந்து, மதுரைப் பகுதியில் எம்-130 என்னும் தொன்மையான அடையாளம் உடையாரைக் கண்டறிந்தார். அவ்வடையாள வழியினர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடையேயும் உளர். ஆப்பிரிக்காவினின்றும் புறப்பட்ட ஆதி மாந்தர் கடலோரமாக இவ்வழியே சென்றனர் என்பதற்கு இஃதொரு சான்றாகக் கொள்ளப்பட்டது. பின்னர் 2012-ஆம் ஆண்டில், அப்பேராசிரியர் குழுவினர் தமிழ்நாட்டின் 12 பழங்குடிகளையும் 19 சாதிகளையும் சேர்ந்த 1,680 ஆடவரின் ஒய் குரோமோசோம்களை ஆராய்ந்த முடிபுகளை வெளியிட்டனர். இங்குள்ள ஆண்வழிப் பகுப்புக்கள் 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியவை என்றும், அவை வருணப் பாகுபாட்டினும் பழையவை என்றும், உழவுத் தொழிலின் பரவலோடு இயைபுடையவை என்றும் அவர்கள் கருதினர்.

இதனின்று நாம் அறியத்தக்கது யாது? ஒரே அடையாள வகை பல சாதியாரிடத்தும் விரவிக் காணப்படுதலின், ஒருவரது சாதி இன்னதென இச்சோதனை கூறாது. உயர்வு தாழ்வும் அதன்கண் எழுதப்படவில்லை. குலப்பெருமை நாட்டுதற்கு இதனைக் கருவியாக்குவோர் ஏமாற்றமே அடைவர்.

மேலும், பத்துத் தலைமுறைக்கு முன் நமக்கு முன்னோர் இடங்கள் 1,024 உள. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கத்தால் ஒருவரே ஈரிடங்களில் நிற்றலும் கூடும். அத்தனை இடங்களுள் ஒய் குரோமோசோம் காட்டுவது ஒன்றே. நம் பாட்டியரும் அவர்தம் பிறந்தகத்தாரும் அதன் பார்வைக்குப் புறம்பானவர். அந்த ஒருவழியிலும் பங்காளி என்று காட்டுமேயன்றி, அண்ணன் வழியோ தம்பி வழியோ என்று திட்டமாக உரைத்தல் அரிது. 1998-இல் அமெரிக்கக் குடியரசின் முன்னாள் தலைவர் தாமஸ் ஜெபர்சனின் வமிசத்தை ஆராய்ந்தபோது, அவருக்கு ஆண்வழி நேர்ச் சந்ததி இன்மையால், அவர்தம் பெரியப்பன் வழியினரையே சோதித்தனர். அடிமைப் பெண்ணான சாலி ஹெமிங்ஸின் கடைசி மகன் வழியினர் அவரோடு ஒத்திருந்தனர். ஆயினும் தந்தை ஜெபர்சன் குடும்பத்து ஆடவர் ஒருவர் என்பதையே அவ்வொப்புமை காட்டிற்று. அவர் தாமஸே எனத் துணிதற்கு ஊரும் காலமும் குறித்த பிற சான்றுகளும் வேண்டியிருந்தன.

இனி, மிகவும் கருதத்தக்கது ஒன்றுண்டு. பிள்ளையில்லா வீட்டிற் சுவீகாரம் புகுந்த மகனும், வீட்டோடு மாப்பிள்ளையின் மகனாய்ப் பாட்டனார் குலதெய்வத்தைக் கும்பிட்டு வளர்ந்தவனும் நம் குடும்பங்களில் இலரோ? சோதனை அன்னாரை அயலார் என்றே காட்டும். 1956-ஆம் ஆண்டுச் சட்டமோ, முறைப்படி சுவீகாரம் செய்யப்பட்ட பிள்ளையைச் சுவீகாரம் செய்தாரின் பிள்ளையாகவே கொள்கின்றது. பிறப்பை ஐயுற்று இரத்தச் சோதனைக்கு எளிதில் ஆணையிடலாகாது என்று உச்சநீதிமன்றமும் 1993-இல் கௌதம் குண்டு வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. நீதிமன்றமே தயங்கும் விஷயத்தில் கோயில் வரிக்கணக்கின் பொருட்டு நாம் துணிதல் தகுமோ? இறந்துபோன ஒரு தாயின் நற்பெயரை ஒரு தாள் கெடுக்குமாயின், அதனை மீட்பார் யார்?

கொடுத்த விவரம் நம் கைவிட்டுப் போகும் என்பதும் நினைவிருக்கட்டும். 23 அண்டு மி என்னும் அமெரிக்கக் கம்பெனியில் 2023-இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. 2025-இல் அக்கம்பெனி திவாலா மனுவும் செய்தது. ஒருவர் தரும் உமிழ்நீர் அவர் பங்காளிகள் அனைவரையும் பற்றிப் பேசுமாதலின், தனியொருவர் சம்மதம் மட்டும் போதியதாகாது.

அறிவு வேட்கையால் தம்மளவிற் சோதித்துக்கொள்வாரை நாம் தடுப்பதற்கில்லை. ஆனால் கோயில் உரிமைக்கோ மணவுறவுக்கோ அதனை நிபந்தனையாக்குதல் கூடாது என்பதே நம் துணிபு. அதனினும் எளியதும் உடனே செய்தற்குரியதும் ஒன்றுளது. ஒவ்வொரு குடும்பத்தாரும் பழைய கிரயப் பத்திரங்களிற் கண்ட தந்தை பெயர்களைத் தொகுத்து, முதியோரை வினவி, தாய்மார் பெயரும் பிறந்த ஊரும் தவறாது சேர்த்து, வமிசாவளி எழுதிவைப்பாராக. ஒய் குரோமோசோம் இன்னும் ஆயிரம் ஆண்டு காத்திருக்கும். நம் பாட்டியார் நினைவோ அங்ஙனம் காத்திராது.