நம் பட்டத்துக்கு யார் சாட்சி?

கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த நாம் எல்லோரும் 1794 என்ற வருஷத்தைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். மைக்கேல் டாப்பிங் முயற்சியில் 8 மாணவர்களோடு சர்வே பள்ளியாக ஆரம்பித்தது, 1859-ல் கல்லூரியானது, 1920-ல் கிண்டிக்கு வந்தது. இது நமக்கெல்லாம் மனப்பாடம். நான் எழுத வந்தது வேறு விஷயம். நம் பட்டம் தரமானதுன்னு இத்தனை காலமும் யார் சாட்சி சொன்னார்கள்?

முதலில் சென்னைப் பல்கலைக்கழகம். பரீட்சை அவர்களுடையது, பட்டமும் அவர்களுடையது. அதற்கு மேல் ஒருவர் தகுதியைத் தொழில் அமைப்புகள் தனித்தனியாக எடைபோட்டன. 1943-ல் கிண்டியில் எலெக்ட்ரிகல் முடித்த அ.லலிதா அம்மையாரை, லண்டன் மின் பொறியாளர் அமைப்பு 1953-ல் இணை உறுப்பினராகவும் 1966-ல் முழு உறுப்பினராகவும் ஏற்றது.

1978-ல் கிண்டி, ஏ.சி. டெக், எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி நான்கும் சேர்ந்து அண்ணா பல்கலைக்கழகம் ஆனது. பாடம் நடத்துவதும் பட்டம் தருவதும் ஒரே இடம் என்றாகிவிட்டது. 1984 முதல் தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகளும் பெருகின. வெளியிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டிய அவசியம் வந்தது. 1987-ல் ஏ.ஐ.சி.டி.இ. சட்டம், அதன் கீழ் 1994-ல் தேசிய அங்கீகார வாரியம், அதாவது என்.பி.ஏ.

இங்கே ஒரு குழப்பம். மயிலாப்பூர் மாட வீதியில் கவுன்சலிங் சீசனில் என்னைப் பார்க்கிற பெற்றோர், "அந்த காலேஜுக்கு அக்ரெடிடேஷன் இருக்கா ஸார்?" என்கிறார்கள். ஏ.ஐ.சி.டி.இ. தருவது கல்லூரி நடத்த அனுமதி. என்.பி.ஏ. தருவது ஒரு குறிப்பிட்ட படிப்புக்கு, குறிப்பிட்ட வருஷங்களுக்கு மட்டும். சிவிலுக்கு இருக்கும், பக்கத்து டிபார்ட்மென்டுக்கு இருக்காது. கட்டடத்தையும் லேபையும் பார்ப்பதோடு விடுவதில்லை; படித்து முடித்தவனுக்கு என்ன செய்யத் தெரியும் என்பதே முக்கியக் கேள்வி.

இதனால் என்ன லாபம்? 1989-ல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட 6 நாடுகளின் அமைப்புகள், "நீங்கள் அங்கீகரித்த படிப்பை நாங்களும் ஏற்கிறோம்" என்று வாஷிங்டன் ஒப்பந்தம் போட்டன. இந்தியா 2007-ல் தற்காலிக உறுப்பினர். 2014 ஜூன் 13-ல் நிரந்தர உறுப்பினர். பல்கலைக்கழகத் துறைகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும் வரும் முதல் அடுக்குப் படிப்புகளுக்கே இது செல்லும். லைசென்ஸ் தானாக வராது. படிப்பு சமம் என்று மட்டும் ஏற்பார்கள்.

நான் 2011-ல் வெளியே வந்தவன், ஒப்பந்தத்துக்கு முந்தினவன். வெளிநாடு ஒன்றில் பொறியாளராகப் பதிய விண்ணப்பித்தபோது ஒவ்வொரு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். 1794 என்ற வருஷம் அங்கே செல்லுபடியாகவில்லை!

தம்பி தங்கைகளே, உங்கள் படிப்பின் பெயரும் நீங்கள் முடிக்கும் வருஷமும் என்.பி.ஏ. பட்டியலில் இருக்கான்னு இப்போதே பாருங்கள். இல்லையென்றால் துறைத் தலைவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பழைய மாணவர்களே, ஆய்வுக்குழு வரும்போது நம்மையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். கல்லூரி அனுப்பும் கருத்துப் படிவத்தைக் குப்பையில் போடாமல் நிரப்பி அனுப்புவோம். அடுத்த செட்டுப் பிள்ளைகளின் பட்டத்துக்கு நாமும் ஒரு சாட்சிதானே!